பலூனுக்கு வெளியே எழுதியவை

பிப்ரவரி 9

அன்புள்ள அத்தானுக்கு,

இந்தப் பார்சலைப் பிரித்ததும் தூக்கி எறியத் தோன்றும். எறிவதற்கு முன் கடிதத்தையாவது படித்துவிடுங்கள்.

உள்ளே இருப்பவை ஷோஜோ மங்கா. ஜப்பானில் பள்ளிக்கூடத்துப் பெண்பிள்ளைகளுக்கென்று வரைகிற படக்கதை. அட்டை முழுக்கப் பூவாக இருக்கும், முகத்தில் பாதி கண்ணாக இருக்கும். கிரேன் ஓட்டுகிற மனுஷனுக்கு இதை ஏன் அனுப்புகிறான், இவனுக்கு மூளை குழம்பிவிட்டதா என்றுதானே நினைக்கிறீர்கள்? காரணம் இருக்கிறது.

போன வாரம் உங்களுக்குப் போன் செய்து, அக்கா வெளிநாட்டில் ஓர் ஆஸ்பத்திரி லேபுக்கு வேலைக்கு எழுதிப் போட்டிருக்கிறாள், கிடைத்தால் மே மாதக் கடைசியில் போய்விடுவாள், போவதற்கு முன் உங்களோடு எல்லாவற்றையும் சட்டப்படி முடித்துக்கொள்ள நினைக்கிறாள் என்று மூச்சுவிடாமல் சொன்னேன். நீங்கள் "ம்" என்றீர்கள். கொஞ்ச நேரம் காற்றுச் சத்தம் கேட்டது. அப்புறம் இன்னொரு "ம்". எனக்கு வந்த ஆத்திரத்தில் போனைச் சுவரில் அடித்திருப்பேன்.

அதனால்தான் கடிதம். வெறும் "ம்" என்று எழுதித் தபால்தலை ஒட்டி அனுப்ப உங்களுக்கே கூச்சமாக இருக்கும் அல்லவா?

ஆண்களுக்கு ஷோஜோ சிபாரிசு செய்வது எனக்குப் புதிதில்லை. என் வாடகைப் புத்தகக் கடையில் அதற்கென்றே ஒரு தட்டு ஒதுக்கி வைத்திருக்கிறேன். வாசலிலிருந்து பார்த்தால் தெரியாத தட்டு. ஜிம் நடத்துகிற மாஸ்டர் ஒருவர் வருவார். கழுத்தும் தோளும் ஒன்றாக இருக்கும். "தங்கச்சிக்கு" என்று சொல்லித்தான் எடுப்பார். அவருக்குத் தங்கச்சியே கிடையாது. திருப்பித் தரும்போது, "அந்தப் பையன் அவகிட்ட அப்படிப் பேசியிருக்கக் கூடாதுங்க" என்று என்னோடு சண்டைக்கு நிற்பார். சண்டைக்கதைகளில் யார் யாரை அடித்தான் என்பதுதான் விஷயம். இவற்றில், ஒரு வார்த்தையைச் சொல்லலாமா வேண்டாமா என்று ஒருத்தி பத்துப் பக்கம் தவிப்பாள். உங்களுக்கு வேண்டியது இதுதான்.

முதலில் குடை ரிப்பேர் கடைக்காரர் மகளின் கதையைப் படியுங்கள். ஆண்கள் எல்லோருக்கும் நான் அதைத்தான் முதலில் கொடுப்பேன். அதில் கடை வேலை நிறைய வரும், அலுக்காது. அழுகை வந்தால் சமையல் கிளப்பில் சேர்ந்த முரட்டுப் பையன் கதையை எடுத்துக்கொள்ளுங்கள், அது சிரிப்பு. வலது பக்கத்திலிருந்து இடது பக்கமாகப் படிக்க வேண்டும். பின்னட்டை மாதிரி இருப்பதுதான் முன்னட்டை. தலைகீழாகப் படித்துவிட்டுக் கதை விளங்கவில்லை என்று சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

நான் எழுதுவது அக்காவுக்குத் தெரியாது. ஒரு வருஷமாக என் மாடி அறையில் இருக்கிறாள். உங்கள் பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுகிறாள். எனக்கு அவளும் வேண்டும், நீங்களும் வேண்டும். அவ்வளவுதான்.

உங்கள் மைத்துனன்


பிப்ரவரி 20

மாப்பிள்ளைக்கு,

ம்.

எனக்குக் கூச்சமெல்லாம் இல்லை என்று உனக்குக் காட்டத்தான். சரி, எழுதுகிறேன்.

பார்சலைப் பிரித்ததும் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன். என்னோடு அறையில் இருக்கிற வெல்டர் அதை இழுத்துப் போட்டுப் படித்தார். "ஆம்பளைங்க படிக்கிறதா இது?" என்று ஆரம்பித்தவர், முடிக்கும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்ன என்று கேட்டேன். "வெல்டிங் வெளிச்சம் பட்டுடுச்சு" என்றார். அன்று ஞாயிற்றுக்கிழமை. வேலையே இல்லை.

அப்புறம் நானும் கிரேனுக்கு எடுத்துப்போனேன். மேலே ஏறிவிட்டால் நான் சாப்பாட்டுக்குக்கூட இறங்குவதில்லை. ஏறி இறங்குவதற்குள் முழங்கால் கழன்றுவிடும். கேபினில் ஒரு நாற்காலி, இரண்டு லீவர், ஒரு வாக்கி டாக்கி. காற்று அதிகமானால் வேலையை நிறுத்திவிடுவார்கள். அப்போது படித்தேன்.

பேசத் தெரியாதவன் என்று உங்கள் வீட்டில் எல்லோரும் சொல்கிறீர்கள். என் வேலை அப்படி. கீழே சிக்னல்மேன் கையைத் தூக்கினால் தூக்க வேண்டும், மடக்கினால் நிறுத்த வேண்டும். வாக்கி டாக்கியில் நான் சொல்வது ஒரே வார்த்தை, "சரி". தேவையில்லாமல் ஒருத்தன் அதில் பேசினால் கீழே இன்னொருத்தன் நசுங்கிப்போவான்.

குடைக்கடைக் கதை நன்றாகத்தான் இருக்கிறது. கம்பி மாற்றுவதைச் சரியாக வரைந்திருக்கிறார்கள். ஆனால் அந்தப் பையனைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வருகிறது. பஸ் நிறுத்தத்தில் மழையில் நின்றுகொண்டு அந்தப் பெண், "போகாதே. நீ போய்விட்டால் நான் யாருக்காகக் குடையை விரிப்பது?" என்று முகத்துக்கு நேராகச் சொல்கிறாள். வயசுப் பெண், எவ்வளவு துணிச்சல் வேண்டும்! அவன் காதில் விழாத மாதிரி பஸ்ஸில் ஏறிப் போய்விடுகிறான். கல்லுளிமங்கன். ஆத்திரத்தில் அவள் சொன்னதைச் சுற்றிப் பென்சிலால் வட்டம் போட்டுவிட்டேன். உன் புத்தகம் என்பது அப்புறம்தான் உறைத்தது. தப்பாக எடுத்துக்கொள்ளாதே.

இன்னொன்று. நான் வாய் திறக்காதவன் என்று நீ நினைக்கிறாய். உன் அக்காவிடம் சொல்ல வேண்டியதை ஆஸ்பத்திரியிலேயே சொல்லிவிட்டேன். முகத்தைத் திருப்பிக்கொண்டவள் அவள்தான். அதற்கு மேல் நான் என்ன செய்ய?

புத்தகங்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அடுத்ததை அனுப்பு. வெல்டர் கேட்கிறார்.

அத்தான்


மார்ச் 3

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு முதலில் விழுந்து விழுந்து சிரித்தேன். தப்பு என் மேல்தான். புதிதாக வருகிற எல்லோருக்கும் சொல்வேன், உங்களுக்குச் சொல்ல விட்டுப்போயிற்று.

பலூன் மாதிரி கோடு போட்டு உள்ளே எழுதியிருந்தால்தான் அது வாய்விட்டுப் பேசிய பேச்சு. பலூன் இல்லாமல் வெறும் வெள்ளையில் சும்மா மிதக்கிற எழுத்தெல்லாம் மனசுக்குள் நினைத்தது. ஷோஜோவில் அதுதான் பாதிக் கதை. பஸ் நிறுத்தத்தில் அந்தப் பெண் எதையுமே சொல்லவில்லை அத்தான். படத்தைத் திரும்பவும் பாருங்கள், அவள் வாய் மூடியிருக்கிறது. அந்தப் பையன் கல்லுளிமங்கனும் இல்லை. அவன் காதில் மழைச் சத்தம் மட்டும்தான் விழுந்தது. கூப்பிடுவாளா என்று படிக்கட்டில் ஒரு காலை வைத்துக்கொண்டு நிற்கிறானே, அதைக் கவனிக்கவில்லையா?

அப்போ நீங்கள் படித்தது வேறு கதை. அதில் எல்லோரும் மனசில் உள்ளதைப் பட்பட்டென்று சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள், யாரும் யாருக்கும் பதில் சொல்வதில்லை.

இதை எழுதும்போது சிரிப்பு நின்றுவிட்டது. ஆஸ்பத்திரியில் அக்காவிடம் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். என்ன சொன்னீர்கள்? எப்போது சொன்னீர்கள்? நானும் அந்தத் தாழ்வாரத்தில்தான் நின்றேன். எட்டாம் மாதத்தில் குழந்தை உயிரில்லாமல் பிறந்தது. நீங்கள் உள்ளே போனீர்கள், வெளியே வந்தீர்கள், என் தோளைத் தட்டினீர்கள். மறுநாள் கிரேனுக்குப் போய்விட்டீர்கள். மறுநாள், அத்தான்! அன்றைக்கு உங்கள் சட்டையைப் பிடித்து இழுக்காமல் விட்டேனே என்று இன்னும் நினைத்துக்கொள்கிறேன். இத்தனை நாள் மரியாதைக்காக எழுதாமல் இருந்தேன். இன்று எழுதிவிட்டேன்.

அடுத்த புத்தகம் இதில் இருக்கிறது, வெல்டருக்காக.

மைத்துனன்


மார்ச் 27

மாப்பிள்ளைக்கு,

பதில் எழுத நாளாகிவிட்டது. நாலைந்து தாள் கிழித்தேன்.

நீ புதிதாக அனுப்பியதை வாயைப் பார்த்துப் பார்த்துப் படித்தேன். பெரும்பாலும் மூடிய வாய்தான். இவ்வளவு எழுத்து, இவ்வளவு மூடிய வாய். எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

அன்றைக்கு நடந்ததைத் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். கட்டிலின் கம்பியில் பெயின்ட் உரிந்திருந்தது. அவள் ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். நான் ஸ்டூலில் உட்கார்ந்தேன். கடைசி வாரம் வரைக்கும் லேபில் நின்று வேலை பார்த்ததால்தான் இப்படி ஆயிற்று என்று அவள் நினைக்கிறாள் என்பது எனக்குத் தெரியும். நான் சொன்னேன், "உன் மேல எந்தத் தப்பும் இல்ல. எனக்கும் தாங்க முடியல." இதுதான் நான் சொன்னது. ஒரு எழுத்து மாறாமல் ஞாபகம் இருக்கிறது. அவள் திரும்பவே இல்லை. அதைப் பதில் என்று எடுத்துக்கொண்டேன். என்னைப் பார்க்கப் பிடிக்கவில்லை போல என்று எழுந்து வந்துவிட்டேன். மறுநாளே ஏன் வேலைக்குப் போனேன் என்று கேட்கிறாயே, வேறு எங்கே போக? மேலே போனால் யாரும் முகத்தைப் பார்க்க மாட்டார்கள். அழுதுகொண்டே லீவரைப் பிடிக்கலாம்.

இத்தனை நாள் எனக்கு அவள் மேல் வருத்தம் இருந்தது. அத்தனையும் சொல்லியும் திரும்பிப் பார்க்கவில்லையே என்று. இப்போது உன் கடிதத்தைப் படித்த பிறகு, மாப்பிள்ளை, எனக்கு அந்த வார்த்தைகள் ஞாபகம் இருக்கின்றன. என் குரல் ஞாபகம் இல்லை. எப்படி யோசித்தாலும் வரவில்லை.

அவளிடம் கேள். நான் சொன்னேனா?

அத்தான்


ஏப்ரல் 8

அன்புள்ள அத்தானுக்கு,

கேட்டேன்.

சாயங்காலம் கடையில் திரும்பி வந்த புத்தகங்களில் வாடிக்கையாளர்கள் கிறுக்கியதை ரப்பர் வைத்து அழிப்பது அக்காவின் வேலை. யாரும் கேட்காமல் அவளாக எடுத்துக்கொண்ட வேலை. உங்கள் கடிதத்தை அவளிடம் கொடுக்கவில்லை. படித்துக் காட்டினேன். நிறுத்தாமல் படி என்றாள். முடித்ததும் சொன்னாள், "இல்லடா. அவர் வாயே திறக்கல."

"மருந்து மயக்கத்துல உனக்குக் கேட்டிருக்காதுக்கா. நல்லா யோசிச்சுப் பாரு."

"நான் மயக்கத்துல இல்ல. ஜன்னல் கண்ணாடியில அவர் முகம் தெரிஞ்சுது. அதுக்குத்தான் அந்தப் பக்கம் திரும்பிப் படுத்தேன். நேரா பாத்தா ரெண்டு பேரும் உடைஞ்சிடுவோம்னு பயம். வாய் அசையுதா, அசையுதான்னு பாத்துக்கிட்டே இருந்தேன். எந்திரிச்சுப் போயிட்டாரு."

அத்தான், அவள் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இதை எழுத எனக்குக் கை வரவில்லை. ஆனால் உங்களிடம் மறைத்தால் நானும் வாய் மூடியவர்கள் கூட்டத்தில் சேர்ந்துவிடுவேன்.

அக்கா மறுபடி ரப்பரை எடுத்தாள். குடைக்கடைப் புத்தகத்தை எடுத்து ஒவ்வொரு பக்கமாக அழித்துக்கொண்டு வந்தாள். யாரோ மீசை வரைந்திருந்தார்கள், அதை அழித்தாள். டீக்கறையைக்கூடத் தேய்த்துப் பார்த்தாள். பஸ் நிறுத்தப் பக்கம் வந்ததும், "இந்த வட்டம் யார் போட்டது?" என்றாள். சொன்னேன். எதற்குப் போட்டீர்கள் என்பதையும் சொன்னேன். அந்தக் கதைப் பெண் சத்தமாகச் சொல்கிறாள் என்று நினைத்துவிட்டார் என்றேன். ரப்பரைக் கையில் வைத்துக்கொண்டே பார்த்தாள். அழிக்காமல் பக்கத்தைத் திருப்பிவிட்டாள்.

வேலை உத்தரவு வந்துவிட்டது. மே கடைசி. வாருங்கள் அத்தான். அந்த இரண்டு வரியையும் நேரில் வந்து வாயால் சொல்லுங்கள். நான் இவ்வளவு புத்தகம் படித்தவன் சொல்கிறேன், சொல்லிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்.

மைத்துனன்


ஏப்ரல் 17

மாப்பிள்ளைக்கு,

அன்றைக்கு அவள் என் வார்த்தைக்காகக் காத்துக்கொண்டு படுத்திருந்திருக்கிறாள். நான் அவள் முதுகைப் பார்த்துக் கோபித்துக்கொண்டு வந்திருக்கிறேன்.

மேல்தளம் கான்கிரீட் போட்டு முடிக்காமல் லீவு கிடையாது என்கிறார்கள். மாற்று ஆபரேட்டர் மே மாதம் பத்தாம் தேதிக்கு மேல் வருவார். வந்த அன்றே பஸ் ஏறிவிடுவேன். கல்யாணம் பேசப் போனபோதுகூட இவ்வளவு பயம் இருந்ததில்லை.

வெல்டரை உட்கார வைத்து ஒத்திகை பார்த்தேன். அவர் உன் அக்காவாம். கட்டிலில் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் முதல் வரியைச் சொன்னதுமே, "மன்னிச்சிட்டேங்க, வாங்க நம்ம வீட்டுக்குப் போலாம்" என்று எழுந்து உட்கார்ந்துவிட்டார். இந்த ஆளை நம்பிப் பிரயோஜனமில்லை. உன் புத்தகங்கள் அவரைக் கெடுத்துவிட்டன.

நான் வருகிறேன் என்று அவளிடம் சொல்லிவிடு. வேண்டாம் என்றால் அதையும் எழுது.

அத்தான்


ஜூன் 2

அன்புள்ள அத்தானுக்கு,

சட்டப்படி இனி நீங்கள் எனக்கு என்ன உறவு என்று தெரியவில்லை. வேறு மாதிரி கூப்பிட எனக்கு வராது. அத்தான்தான்.

அக்கா வெள்ளிக்கிழமை போய்விட்டாள். விமான நிலையத்தில் என் சட்டைக் காலரைச் சரி செய்துவிட்டு, "கடையை ஒழுங்கா பாத்துக்கோ" என்று மட்டும் சொன்னாள். மாடி அறையைப் பெருக்கிச் சுத்தமாக வைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

உங்களை வரச் சொல்லி ஆசை காட்டியவன் நான். அந்த வரியை எழுதிய கையை ஒடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது. கதையில் சொல்லிவிட்டால் போதும், கடைசிப் பக்கத்தில் இருவரும் ஒரே குடையில் நடந்து போவார்கள். நான் அதையே படித்து வளர்ந்தவன். வேறு மாதிரி ஆகும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

போன மாதம் நீங்கள் கடைக்குள் வந்ததும் மாடிக்குப் போய்ப் பேசுவீர்கள் என்று நினைத்தேன். செருப்பைக்கூடக் கழற்றாமல், அத்தனை வாடிக்கையாளர்கள் நடுவில் நின்று அந்த இரண்டு வரியையும் அக்காவிடம் சொல்லிவிட்டீர்கள். அவ்வளவு சத்தமாக உங்கள் குரலை நான் கேட்டதே இல்லை. ஜிம் மாஸ்டர் ஒரு அட்டையால் முகத்தை மறைத்துக்கொண்டு அழுதார். இப்போது வந்தால் தங்கச்சிக்கு என்று சொல்வதில்லை.

அக்கா உங்களுக்குச் சொன்ன பதில்தான் எனக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. "அன்னைக்கே சொல்லியிருந்தா ரெண்டு பேரும் சேர்ந்து அழுதிருப்போம். நான் தனியா அழுது முடிச்சிட்டேங்க. மறுபடியும் முதல்லேருந்து அழ எனக்குத் தெம்பு இல்ல." கோபமே இல்லாமல் சொன்னாள். கோபமாகச் சொல்லியிருந்தால் நான் நடுவில் புகுந்து ஏதாவது பேசியிருப்பேன்.

அப்புறம் மாடியில் இருவரும் என்ன பேசினீர்கள்? கீழே இருந்த எனக்கு அவள் சிரித்தது கேட்டது. ஒரு வருஷத்தில் அப்படி அவள் சிரித்ததில்லை. சரியாகிவிட்டது என்று நினைத்து, முட்டாள் மாதிரி மூன்று பேருக்கும் டீ வாங்கி வந்தேன். இறங்கி வந்தபோது உங்கள் கையில் கையெழுத்துப் போட்ட விவாகரத்துத் தாள் இருந்தது. என்ன சொல்லி அவளைச் சிரிக்க வைத்தீர்கள் என்று கேட்டேன். நீங்களும் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை.

தட்டில் குடைக்கடைப் புத்தகம் இல்லை. தேடிப் பார்த்துவிட்டேன். அவள்தான் எடுத்துப் போயிருக்கிறாள்.

மைத்துனன்


ஜூன் 14

மாப்பிள்ளைக்கு,

கையை ஒடித்துக்கொள்ளாதே. வரச் சொன்னாய், வந்தேன். வராமல் இருந்திருந்தால் அவள் வாய் அசையாத என் முகத்தோடு விமானம் ஏறியிருப்பாள்.

மாடியில் அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "குழந்தைக்கு ஏதாவது பேர் நினைச்சு வச்சிருந்தீங்களா?"

வைத்திருந்தேன். அவள் உண்டான நாளிலிருந்து வைத்திருந்தேன். பிறந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். அன்றைக்குச் சொன்னேன். கேட்டதும் சிரித்துவிட்டாள். "இந்தப் பேரையா? பள்ளிக்கூடத்துல பசங்க கிண்டல் பண்ணியே கொன்னிருப்பாங்க" என்றாள். அதுதான் நீ கேட்ட சிரிப்பு. அப்புறம் அவள் வைத்திருந்த பெயரைச் சொன்னாள். என்னுடையதை விட நல்ல பெயர். எது நல்லது என்று கொஞ்ச நேரம் சண்டை போட்டோம். பிள்ளை பக்கத்து அறையில் தூங்குகிற மாதிரி மெதுவான குரலில் சண்டை போட்டோம். அப்புறம் தெம்பில்லை என்றவளும் அழுதாள், நானும் அழுதேன். அழுது முடித்து, கையெழுத்துக்காகத் தாளை எடுத்து என் பக்கம் நகர்த்தினாள். போட்டுவிட்டேன். அவளுக்கு அது வேண்டியிருந்தது. தடுக்க எனக்கு என்ன பாத்தியதை இருக்கிறது?

அவள் சொன்ன பெயரையே வைத்துக்கொள்ளலாம் என்று வரும் வழியில் பஸ்ஸில் முடிவு செய்தேன். அதை அவளிடம் சொல்லவில்லை. நீ பேசும்போது சொல்லிவிடு. எழுதாதே, வாயால் சொல்.

இங்கே மேல்தளம் முடிந்துவிட்டது. நேற்று காற்று அதிகம், வேலையை நிறுத்திவிட்டார்கள். கேபினில் சும்மா உட்கார்ந்திருந்தேன். அந்தப் பெயரை ஒரு தடவையாவது வாய்விட்டுக் கூப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. இவ்வளவு உயரத்தில் யார் கேட்கப்போகிறார்கள் என்று நன்றாகச் சத்தமாகவே கூப்பிட்டேன். முழங்கை வாக்கி டாக்கி பட்டனை அழுத்திக்கொண்டிருந்ததைக் கவனிக்கவில்லை. சைட் முழுக்கக் கேட்டிருக்கிறது.

கீழேயிருந்து சிக்னல்மேன் பதில் கொடுத்தான். "அந்தப் பேர்ல நம்ம சைட்ல யாரும் இல்லையேண்ணே. புது ஆளா?"

வழக்கமாக நான் "சரி" என்பேன். பட்டனைப் பார்த்து அழுத்தினேன்.

"என் பையன்" என்றேன்.

அத்தான்